பந்து போகாத பக்கம்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. நான் பார்த்த எந்த ஆட்டத்திலும் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தடுக்கிற பக்கத்தில், ஓரத்தில் நிற்கிற கார்னர் பெரியவனா, பின்னால் தள்ளி நிற்கிற சேஃப்டி பெரியவனா என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

மத்திகிரி போகிற ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பதினான்கு பெண்கள், ஒரு மேனேஜர். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆட்டத்தின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி எங்களுக்கு அனுப்பும். ஒவ்வொரு துண்டும் பத்துப் பன்னிரண்டு விநாடி ஓடும். சத்தம் கிடையாது. உயரத்திலிருந்து எடுத்தது என்பதால் ஆட்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான் தெரிவார்கள். ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் கட்டம் போட்டு, அவன் எந்த இடத்து ஆட்டக்காரன் என்று பெயர் ஒட்ட வேண்டும். பிறகு தடுக்கிற பக்கத்து ஆட்களுக்கு, அந்தத் துண்டில் அவன் எவ்வளவு உதவினான் என்று பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டும். நாம் போடுகிற மார்க்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொள்ளும் என்றார் மேனேஜர். நமக்கே தெரியாத ஆட்டத்தை நாம் போய்க் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருவதா என்று முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். மூன்று மாதத்தில் சிரிப்பு போய், சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டோம்.

பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால்தான் எறிகிறார்கள். ஆட்டம் இவ்வளவுதான். எறிகிறவன் ஒருவன் பந்தோடு நிற்பான். அவன் பக்கத்து ஆட்கள் சிலர் முன்னால் ஓடுவார்கள். அவர்களில் ஒருவன் கைக்குப் பந்தைப் போட்டுவிடப் பார்ப்பான். எதிர்ப்பக்கம் அதைத் தடுக்க வேண்டும். கார்னர் மைதானத்தின் ஓரத்தில், ஓடப்போகிற ஒருவனுக்கு நேர் எதிரே நின்று, அவன் போகிற இடமெல்லாம் கூடவே ஓடுவான். சேஃப்டி எல்லோருக்கும் பின்னால் நின்று மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது தப்பி வந்தால் கடைசியாகப் பிடிக்க வேண்டியவன் அவன். சேஃப்டி என்றால் எங்கள் ஊர் கம்பெனிகளில் ஹெல்மெட்டும் கனமான ஷூவும்தான். அதனால் அந்தப் பெயரை ஒட்டும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, ஷூ போட்டிருக்கிறானா பார் என்பாள்.

நான் மார்க் போடுகிறவள் இல்லை. மற்றவர்கள் போட்ட மார்க்கைச் சரிபார்க்கிறவள். அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் பழைய வேலை. கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மூக்கண்டப்பள்ளிக்கு வந்த பிறகு பதினோரு வருடம், வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லைன் முடிந்து வருகிற சாமானை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். கீறல், வெடிப்பு, அளவு பிசகு எதுவாக இருந்தாலும் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவேன். ஒருமுறை, எல்லோரையும் தாண்டி வந்த மயிரிழை வெடிப்பு ஒன்றைப் பிடித்தேன். என் பெயரை போர்டில் எழுதி, எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். அந்த லைனில் ஒரு மெஷினிலிருந்து மட்டும் எனக்கு ஒரு கெட்ட சாமான்கூட வந்ததில்லை. அதை ஓட்டியவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை. அந்த லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோன பிறகுதான் இந்த மாடிக்கு வந்தேன்.

வேலை மாறினாலும் கண் மாறவில்லை. வீடியோத் துண்டின் கடைசியில் யார் பிடித்தார்கள், யார் தள்ளினார்கள் என்றுதான் பார்ப்பேன். பெரும்பாலும் அது சேஃப்டியாக இருக்கும். எங்கிருந்தோ ஓடி வந்து கடைசி நொடியில் ஆளைச் சாய்ப்பான். நான்கோ ஐந்தோ கொடுத்தால் எனக்கு நியாயமாகப் படும். கார்னர் ஓரத்தில் எவனோடோ ஓடிவிட்டுச் சும்மா நிற்பான். பந்து அவன் பக்கம் போயிருக்காது. அவனுக்குப் பூஜ்யம், போனால் போகிறதென்று ஒன்று. யாராவது கூடப் போட்டிருந்தால் சிவப்பு பொத்தானை அழுத்தி மாற்றிவிடுவேன். நான் அழுத்துகிற ஒவ்வொரு சிவப்பும் மார்க் போட்டவள் பெயரில் தப்பாக ஏறும். தொடர்ந்து மூன்று வாரம் தப்பு அளவு மீறினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அது ஆபீஸின் விதி, எல்லோருக்கும் தெரியும்.

பாகலூரிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களோடு தமிழ். ஒரு பேச்சுக்குள் மூன்றும் வந்துபோகும். முன்பு ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸில், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், வேலை பார்த்தவள். அங்கே அடிக்கிற மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சிரைப்பு வந்து, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இங்கே வந்தாள். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள்தான் சவாரி. இந்த வேலை போனால் மறுபடி ரோஜாவுக்குத்தான் போக வேண்டும் என்று அவளே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தாள்.

அவளுடைய துண்டுகள் புதிதாக என்னிடம் சரிபார்க்க வந்தன. அவள் மார்க் போட்டால் கார்னருக்கு மூன்று, நான்கு என்று விழும். பந்தே போகாத பக்கத்துக்கு நான்கு. இவள் ஆட்டத்தைப் பார்க்கிறாளா, இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறாளா என்று எனக்கு எரிச்சல். சிவப்பு போட்டேன். மறுநாளும் அப்படியே போட்டிருந்தாள். பிடிவாதக்காரி என்று எனக்கு இன்னும் ஏறிவிட்டது. எழுந்து ஆறு அடி நடந்து போய் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் யாரும் சாமானிடம் போய்க் கேள்வி கேட்பதில்லை. மூன்று வாரம் விடாமல் சிவப்பு போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் பட்டியல் எடுத்தார். சேலத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவளைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தமே இல்லாத வீடியோவுக்கு ஹெட்போன் எதற்கு? யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்றுதான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பு தப்புதானே என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் திரையில் ஒரு ஆட்டத்தின் பிற்பாதித் துண்டுகள் வந்தன. முற்பாதி முழுக்க நான் சரிபார்த்ததுதான். அதில் இடதுபக்கக் கார்னர் ஒரு கையில் மட்டும் வெள்ளை உறை போட்டிருப்பான். அதனால் அடையாளம் தெரியும். அவள் அவனுக்கு நான்கு நான்காகப் போட, நான் அதைப் பூஜ்யமாக்கிக்கொண்டே வந்திருந்தேன். பிற்பாதியின் மூன்றாவது துண்டில் அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்த துண்டில் அவன் இடத்தில் வேறு ஆள் நின்றான். உறை இல்லாத கை.

பந்து அந்தப் பக்கம் போனது. அடுத்ததும் அந்தப் பக்கமே. அதற்கடுத்ததும். முற்பாதியில் ஒருமுறைகூடப் போகாத பக்கத்துக்கு, அடுத்த பத்துத் துண்டில் ஏழு முறை போனது. புதிய ஆள் திணறினான். பின்னாலிருந்த சேஃப்டி மைதானம் முழுக்க ஓடி ஓடி அந்த ஓரத்தில் ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்தான். என் பழைய கணக்குப்படி அவனுக்குத்தான் ஐந்து ஐந்தாகக் கொடுக்க வேண்டும். வெள்ளை உறைக்காரன் இருந்தவரை அந்தப் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவன் செய்த வேலை. அந்த மாதிரி வேலைக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, மூன்று வாரமாக.

உடனே எழுந்து போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். என் தப்பு வெளியே வந்தால் அவள் போக வேண்டிய வழியில் நான் போக வேண்டியிருக்கும் என்ற பயம். வாடகை வீடு, எனக்கு வயது நாற்பத்தாறு, இனி எந்த கம்பெனி லைனில் என்னை நிற்க வைப்பார்கள்? அன்று முழுக்க மற்றவர்களின் துண்டுகளையே சரிபார்த்தேன். சாயந்திரம் பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து போனில் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தாள். இத்தனை வருடத்தில் அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்குப் புரியும். சனிக்கிழமையிலிருந்து பாலிஹவுஸுக்கு வருவதாகச் சொல்லிவிடு, முகத்துக்கு இரண்டு துணி கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை மேனேஜர் வருவதற்கு முன்பே போய், நான் சிவப்பு போட்ட அவளுடைய துண்டுகளை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அவள் வந்ததும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“ஏத்தா, பந்தே போகலையே. எதைப் பார்த்து இவனுக்கு நாலு போட்ட?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு துண்டை ஓடவிட்டு இரண்டாவது விநாடியில் நிறுத்தினாள்.

“பந்தை ஏன்க்கா பாக்கறீங்க. எறியறவன் தலையப் பாருங்க. மொதல்ல இந்தப் பக்கம் பாக்கறான். இந்தக் கார்னர் ஓடறவனோட ஒட்டிக்கினு ஓடறான், எடமே இல்ல. அதான் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கறான். பந்து அங்க போச்சுன்னா, இவனாலதான் போச்சு. அல்வாக்கா?”

அல்வா என்றால் கன்னடத்தில் ‘இல்லையா’. அது தெரியாமல் முதல் மாதம் முழுக்க இவள் ஏன் தின்பண்டத்தைப் பற்றியே பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். இப்போது சிரிக்கத் தோன்றவில்லை. அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவு ஆளின் கழுத்து திரும்புவதை அவள் பார்த்திருக்கிறாள். நான் கடைசி விநாடிக்காகக் காத்துக்கொண்டு, முதல் இரண்டு விநாடியைப் பார்க்கவே இல்லை.

“அப்ப கார்னர்தான் பெரிய ஆளு, சேஃப்டி ஒண்ணுமில்லன்னு சொல்றியா?”

“யாரு சொன்னா? பின்னாடி அவன் நிக்கறான்ற தைரியத்துலதான் இவன் இப்புடி ஒட்டறான். அவன எடுத்துட்டா இவன் பத்தடி தள்ளித்தான் நிப்பான். சேஃப்டிக்கும் நான் நெறைய போட்டுகிறேன், பாருங்க. நீங்க அத மட்டும் மாத்தல.”

உண்மைதான். சேஃப்டிக்கு அவள் போட்ட நான்குகளை நான் தொட்டதே இல்லை.

மேனேஜர் வந்ததும் கண்ணாடி அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“என்னக்கா சொல்றீங்க? மூணு வாரமா நம்ம செக்கிங்கே தப்புன்னு கிளையன்ட்கிட்ட நானே போய்ச் சொல்றதா? ஒட்டுமொத்தமா வேலையைப் புடுங்கிக்கினு போயிடுவாங்க.”

“சொல்லாட்டி அந்தப் புள்ள சனிக்கிழமை மருந்துக்குள்ள போய் நிக்கும். அதோட மூச்சுக்கு நீங்க பொறுப்பா, நான் பொறுப்பா?”

என் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். அறைக்கு வெளியே கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். இருபது துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விதமான மார்க்கையும் சேர்த்து அனுப்புவது. எது யார் போட்டது என்று சொல்லாமல், இரண்டில் எது சரி என்று மட்டும் கேட்பது. அங்கே முன்பு ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஒருவர் இருக்கிறாராம், அவர் பார்த்துச் சொல்வாராம். என்னுடையது சரி என்று வந்தால் பட்டியலை மாற்ற முடியாது என்றும் சொன்னார். சரி என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் போட்டது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பதில் இல்லை. நான் ஒரு துண்டுக்கும் ஒழுங்காகச் சிவப்பு போடவில்லை, எதைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது. அவள் தன் டப்பா, தண்ணீர் பாட்டில், சீட்டின் மேல் போட்டிருந்த சிறு டவல் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீ வருவதற்கு முன்பு மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் போன். நேராக என் இடத்துக்கு வந்து குனிந்து, ஏதோ துக்கம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

“இருபதுல பதினாறு உங்களது தப்புக்கா.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டேன். அவர் பயந்துபோனார். இவ்வளவு பெரிய தோல்வியைச் சொன்னால் ஒருத்தி முகம் இப்படி மலரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மேனேஜர் பயந்தபடி ஆபீஸின் வேலை போகவில்லை. சரியான மார்க்கைப் போட்டவர் ஆட்டத்தை நன்றாகப் பார்த்திருக்கிறார், யார் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். இனிச் சிவப்பு போட்டால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பழைய சிவப்புகளை எல்லாம் நீக்கி, அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக மேனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என்னை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். போய் வேலையைப் பாருங்கக்கா என்றார்.

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஓரம் போனாள். வீட்டுக்காரரிடம் பேசினாள். “நாளைக்கு வரலன்னு சொல்லிடு” என்ற அந்த ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொன்னாள், தெலுங்கில் இரண்டு முறை, என்ன காரணமோ தமிழில் ஒரு முறை. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய அழுகை. யார் பார்த்தால் என்ன என்று மேஜையில் தலையை வைத்து நன்றாக அழுதேன். அப்பாடா என்று இருந்தது.

அவள் திரும்பி வந்து பையிலிருந்து டப்பாவையும் பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்தாள். நான் போய் மன்னித்துக்கொள் என்றேன். அவள் டவலைச் சீட்டின் மேல் விரித்து ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“தப்பு எல்லாரும் பண்றதுதான்க்கா. மூணு வாரத்துல ஒரு தரம் வந்து கேட்டிருந்தா போதும். அதான் எனக்குக் கஷ்டம்.”

டீ வந்தது, எடுத்துக்கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் அவள் போட்ட துண்டு ஒன்று என் திரையில் வந்தது. சேஃப்டி பந்துக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடுகிறான். அவனுக்கு ஐந்து. எறிகிறவன் தலையைப் பார்த்தேன். அது இவன் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு தடவை ஓட்டியும் எனக்கு விளங்கவில்லை. மவுஸ் தானாகச் சிவப்பு பொத்தானுக்குப் போனது. கையை எடுத்துவிட்டு எழுந்து அவள் இடத்துக்கு நடந்தேன். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

“இது எனக்கு விளங்கல. எதுக்குத்தா அஞ்சு போட்ட?”

அவள் ஓட்டிப் பார்த்தாள். பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாள். கழுத்தைச் சாய்த்து மூன்றாம் தடவையும் பார்த்தாள். நான் நோட்டும் பேனாவுமாக நின்றேன், அவள் சொல்லப்போகிற காரணத்தை எழுதிக்கொள்ள.

“ஐயோ, இது தப்புக்கா” என்றாள். “நாலு நாளா தூக்கமே இல்ல, கை எங்கயோ பட்டுட்டுது. செவப்பு போடுங்க.”

பக்கத்துச் சீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு அவளும், கடைசியில் நானும்.

“நீயே மாத்திக்கோ” என்றேன். ஐந்தை அழித்து ஒன்று போட்டாள். அவள் சேமித்து முடிக்கும்வரை அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.